நடுக்களத்து லூகா

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தி நடக்கிறது. அடுப்படியில் சமையல்காரர் இருக்கிறார். இலைக்கு முன்னால் பரிமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்பார். எந்த இலையில் சோறு தீர்ந்தது? எந்த வரிசைக்கு ரசம் வரவில்லை? எந்த வாளி காலியாகப் போகிறது? அவர் கண் சுற்றிக்கொண்டே இருக்கும். "கடைசி வரிசைக்குச் சாம்பார் போகட்டும்" என்பார். சாம்பார் போகும். சாப்பிட்டு எழுந்தவர்கள் சமையலைப் புகழ்வார்கள். நடுவில் நின்றவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தி குழம்பிவிடும்.

கால்பந்து ஆட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு. அவருக்கு நடுக்கள ஆட்டக்காரர் என்று பெயர்.

அந்த வேலையைச் செய்தே உலகப் புகழ் பெற்றவர் லூகா மோட்ரிச். அவருடைய நாடு குரோஷியா. ஐரோப்பாவில் கடலோரமாக இருக்கும் சிறிய நாடு அது. மக்கள் தொகை ஏறத்தாழ 40 லட்சம். நம் சென்னை நகரத்து மக்களை விடக் குறைவு. அந்த நாட்டில் பிறந்த லூகா, போஸ்னியா, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி என்று நான்கு வெளிநாடுகளில் ஆடிச் சம்பாதித்தார். இது அவருடைய கதை. வெளிநாட்டில் பந்து விளையாடிப் பிழைப்பது எப்படி நடக்கிறது என்பதையும் இந்தக் கதையிலேயே பார்த்துவிடலாம்.

நடுவில் என்ன வேலை?

கால்பந்து மைதானம் பெரியது. பெரிய போட்டிகளில் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் இருக்கும். ஓர் அணிக்கு 11 பேர். ஒருவர் கோல் காவலர். சிலர் பின்னால் நின்று தடுப்பார்கள். சிலர் முன்னால் போய் கோல் அடிப்பார்கள். இவர்களுக்கு நடுவில் இருக்கிறவர்கள்தான் நடுக்கள ஆட்டக்காரர்கள்.

எதிரி பந்தோடு வந்தால் இவர்கள் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். பந்து கிடைத்துவிட்டால் முன்னால் இருப்பவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு அவரும் முன்னால் ஓட வேண்டும். ஆட்டம் 90 நிமிடம். அதற்குள் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடிவிடுவார்கள். பக்கத்து ஊருக்கு ஓடிப் போய்த் திரும்பி வருகிற தூரம். இத்தனை ஓட்டத்தில் பந்து அவர்கள் காலில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான்.

மீதி நேரம் என்ன செய்கிறார்கள்? பார்க்கிறார்கள். நல்ல நடுக்கள ஆட்டக்காரரைக் கவனித்தால் ஒன்று தெரியும். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். யார் எங்கே நிற்கிறார்? எங்கே இடம் காலியாக இருக்கிறது? பந்து காலுக்கு வரும்போது அதை எங்கே அனுப்புவது என்று முடிவாகியிருக்கும். பந்து வந்த பிறகு யோசிப்பவர் பந்தைப் பறிகொடுப்பார்.

இந்த வேலைக்கு உயரம் வேண்டாம். மலை போன்ற உடம்பும் வேண்டாம். ஆனால் லூகா சிறுவனாக இருந்தபோது இதைப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

கல் வீடு

லூகா 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி ஸாடர் என்ற கடற்கரை நகரத்தில் பிறந்தான். அப்போது குரோஷியா தனி நாடு அல்ல. யுகோஸ்லாவியா என்ற பெரிய நாட்டின் ஒரு பகுதி. லூகாவின் அப்பாவும் அம்மாவும் கம்பளி ஆடை பின்னும் ஆலையில் வேலை செய்தார்கள். அவர்கள் வேலைக்குப் போனால் பையன் தாத்தாவிடம் இருப்பான். தாத்தாவின் பெயரும் லூகாதான். அவர் பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு குக்கிராமம். அங்கே தாத்தாவின் கல் வீடு. வீட்டில் ஆடுகள் இருந்தன. ஐந்து வயது லூகா ஆடு ஓட்டிப் போவதை ஒருவர் படம் பிடித்திருக்கிறார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கையில் குச்சி. கனத்த சட்டை. ஆட்டைவிடச் சற்றே உயரமான பையன்.

1991-இல் யுகோஸ்லாவியா உடைந்தது. குரோஷியா தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த செர்பியர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. போர் மூண்டது. நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் மாதம் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்கு அருகிலேயே அது நடந்தது. கல் வீட்டையும் எரித்துவிட்டார்கள். அந்தப் பக்கமெல்லாம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. லூகாவுக்கு அப்போது ஆறு வயது.

குடும்பம் ஸாடருக்கு ஓடி வந்தது. சொந்த வீடு இல்லை. கடற்கரை ஓட்டல் ஒன்றை அகதிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அதில் ஓர் அறையில் குடும்பம் தங்கியது. பிறகு வேறொரு ஓட்டலுக்கு மாற்றினார்கள். இப்படியே ஆண்டுகள் போயின. அப்பா ராணுவத்தில் சேர்ந்து விமானப் பழுது பார்க்கும் வேலை செய்தார். நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் பதுங்கு இடத்துக்கு ஓடுவார்கள். சங்கு ஓய்ந்தால் பிள்ளைகள் வெளியே வருவார்கள். ஓட்டலின் கார் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடுவார்கள். லூகா அங்கேதான் விளையாடினான்.

1992-இல் அவனை ஸாடர் நகரக் கால்பந்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே டோமிஸ்லாவ் பாஷிச் என்ற பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தார். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். ஆனால் குரோஷியாவின் பெரிய கிளப்புகளில் ஒன்றான ஹைதுக், பையனைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. பையன் குட்டை. உடம்பில் சதை இல்லை. முரட்டு ஆட்டத்துக்குத் தாங்கமாட்டான். இதுதான் அவர்கள் சொன்ன காரணம். அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும். பந்தை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தானாம். பாஷிச் விடவில்லை.

வளர்ந்து முடித்த பிறகும் லூகாவின் உயரம் 172 சென்டிமீட்டர்தான். நம் அளவில் ஐந்தடி எட்டு அங்குலம் இருக்கும். நம் ஊரில் இது நல்ல உயரம். ஐரோப்பியப் பந்தாட்டத்தில் குட்டை.

இரவல் போனவர்

16 வயதில் லூகாவுக்குத் தலைநகர் ஸாக்ரெப்பில் உள்ள டினாமோ கிளப்பில் இடம் கிடைத்தது. கிளப் என்றால் நம் ஊர் இளைஞர் மன்றம் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஒரு தொழில். கிளப் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரும். ஆட்டக்காரர் கிளப்புக்காக ஆட வேண்டும். இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் எழுதுவார்கள்.

டினாமோ அவரை உடனே பெரிய அணியில் ஆடவிடவில்லை. 2003-இல் பக்கத்து நாடான போஸ்னியாவின் மோஸ்டார் நகரக் கிளப்புக்கு இரவலாக அனுப்பியது. ஆமாம், இரவல்தான். ஏர் மாட்டை ஒரு பருவத்துக்குக் கொடுத்து வாங்குவது போல, ஆட்டக்காரரையும் ஒரு பருவத்துக்கு வேறு கிளப்புக்குக் கொடுப்பார்கள். ஒப்பந்தம் பழைய கிளப்போடுதான் இருக்கும். ஆட்டம் மட்டும் வேறு இடத்தில். இளைஞர்களுக்கு அனுபவம் கிடைக்கட்டும் என்று இப்படிச் செய்வார்கள். சில சமயம், வேண்டாதவரைத் தள்ளிவிடவும் செய்வார்கள்.

போஸ்னியாவும் போரில் அடிபட்ட நாடு. மைதானங்கள் மோசம். ஆட்டம் முரடு. காலைப் பார்த்து உதைப்பார்கள். குட்டைப் பையன் அங்கே ஒரு பருவம் முழுவதும் ஆடினார். 18 வயதில் அந்த நாட்டுப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். போஸ்னியாவில் ஆடியவன் எங்கேயும் ஆடலாம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் முதலில் போன வெளிநாடு இதுதான். பணக்கார நாடு அல்ல. ஆனால் அவர் தொழில் படித்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறு ஆண்டு உள்நாட்டிலேயே ஒரு சிறிய கிளப்புக்கு இரவல். அதன் பிறகுதான் டினாமோ அவரைத் திரும்ப அழைத்துப் பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தில் லூகா ஸாடரில் குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்கினார். 2006 முதல் 2008 வரை டினாமோ மூன்று முறை நாட்டின் சாம்பியன் ஆனது. 2006 மார்ச் மாதம் லூகா முதல் முறையாக நாட்டு அணிக்கு ஆடினார்.

விலை யாருக்குப் போகிறது?

2008-இல் இங்கிலாந்தின் லண்டன் நகரத்தில் உள்ள டாட்டன்ஹாம் கிளப் லூகாவை வாங்கியது. விலை 1 கோடியே 65 லட்சம் பவுண்டு. பவுண்டு என்பது அந்த நாட்டுப் பணம்.

"மனிதனை விலைக்கு வாங்குவதா? மாட்டுச் சந்தையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விவரம் இப்படி. டினாமோவோடு லூகாவுக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. அது முடிய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அதற்கு முன்பே வேறு கிளப் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால், பழைய கிளப் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்குத் தருகிற பணம்தான் இந்த விலை. இது பழைய கிளப்புக்குப் போகும். ஆட்டக்காரருக்குக் கிடைப்பது புதிய கிளப் தருகிற சம்பளம். ஆகவே பத்திரிகையில் "இத்தனை கோடிக்கு வாங்கப்பட்டார்" என்று படித்தால், அத்தனை கோடியும் அவர் பையில் விழுந்தது என்று எண்ண வேண்டாம். லூகாவின் விஷயத்தில் இந்தப் பணத்தின் மீது ஒரு பெரிய வழக்கே நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லண்டனில் முதல் சில மாதங்கள் கஷ்டம். புதிய நாடு. புதிய மொழி. வேகமான, மோதி விழும் ஆட்டம். அணியும் தொடர்ந்து தோற்றது. முதல் எட்டு ஆட்டங்களில் அணிக்குக் கிடைத்தவை இரண்டே புள்ளிகள். பத்திரிகைகள் பழைய பாட்டையே பாடின. இவர் சின்ன உடம்பு, இங்கிலாந்துக்குச் சரிப்படமாட்டார் என்று எழுதின. பயிற்சியாளரை மாற்றினார்கள். ஹாரி ரெட்நாப் என்பவர் வந்தார். லூகாவை அவருக்கு உரிய இடமான நடுக்களத்தில் நிறுத்தினார். ஆட்டம் மாறியது.

2009 ஆகஸ்டில் லூகாவின் வலது கால் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் ஆடவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், காயம்பட்டுப் படுத்திருந்தாலும் சம்பளம் வரும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு வாங்கி ஆடுகிறவர்களுக்கு அது கிடையாது. கால் முறிந்தால் வருமானமும் முறிந்தது. உலகம் முழுவதும் அப்படி ஆடுகிற இளைஞர்கள்தான் அதிகம்.

வாய்ச் சொல்லும் கையெழுத்தும்

2010-இல் லூகா டாட்டன்ஹாமோடு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு ஆண்டு. 2016 வரை. மறு ஆண்டே அதே லண்டனில் உள்ள செல்சி என்ற பணக்கார கிளப் அவரைக் கேட்டது. முதலில் 2 கோடியே 20 லட்சம் பவுண்டு. பிறகு 2 கோடியே 70 லட்சம். கடைசியில் 4 கோடி. லூகாவும் போக விரும்பினார். டாட்டன்ஹாமின் தலைவர் மூன்று முறையும் முடியாது என்றார்.

லூகா பத்திரிகையில் குறைப்பட்டுக்கொண்டார். பெரிய கிளப் கேட்டால் பேசிப் பார்க்கலாம் என்று தலைவர் தனக்கு வாய்ச் சொல் தந்திருந்ததாகச் சொன்னார். இருக்கலாம். ஆனால் தாளில் என்ன இருந்தது? 2016 வரை ஆடுவேன் என்ற கையெழுத்து இருந்தது. வாய்ச் சொல் தாளில் இல்லை. அவர் ஓர் ஆண்டு அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கோபத்தோடு இருந்தாலும் ஆட்டத்தில் அதைக் காட்டவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

2012 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கிளப் அவரை வாங்கியது. விலை சுமார் 3 கோடி பவுண்டு. செல்சி தர இருந்ததை விடக் குறைவு. டாட்டன்ஹாமுக்கு உள்ளூர்ப் போட்டியாளரிடம் அவரைக் கொடுக்க மனமில்லை. வெளிநாடு என்றால் பரவாயில்லை.

"மோசமான வரவு"

ரியல் மாட்ரிட் உலகின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. அதன் மைதானத்தில் ஒரே நேரத்தில் சுமார் 80,000 பேர் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே போனதும் மறுபடியும் அதே கதை. முதல் சில மாதங்கள் பாதி நாள் வெளியே உட்கார்ந்திருந்தார். 2012 டிசம்பரில் ஒரு ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. அந்தப் பருவத்தின் மிக மோசமான வரவு யார் என்பது கேள்வி. வாசகர்கள் லூகாவைத்தான் சொன்னார்கள்.

2013 மார்ச் 5. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆட்டம். மாட்ரிட் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. லூகா மாற்று ஆளாக உள்ளே வந்தார். சில நிமிடங்களில் தூரத்திலிருந்து ஓர் அடி. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மாட்ரிட் 2-1 என்று வென்றது. அதன் பிறகு அவரை மோசமான வரவு என்று யாரும் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் எல்லா நாடுகளின் சிறந்த கிளப்புகளும் மோதும் ஒரு போட்டி உண்டு. சாம்பியன்ஸ் லீக் என்று பெயர். லூகா இருந்தபோது மாட்ரிட் அதை ஆறு முறை வென்றது. 2014, 2016, 2017, 2018, 2022, 2024. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வாழ்நாளில் ஒரு முறைகூட அந்தக் கோப்பையைத் தொடுவதில்லை.

இவற்றில் ஓர் ஆட்டத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். நடுக்கள ஆட்டக்காரர் செய்வது என்ன என்று அதில் தெளிவாகத் தெரியும்.

2022 ஏப்ரல் 12. மாட்ரிட் நகரம். எதிரே அதே செல்சி கிளப். இந்தச் சுற்றில் இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் மாட்ரிட் 3-1 என்று வென்றிருந்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் செல்சி மூன்று கோல் போட்டுவிட்டது. கூட்டினால் செல்சி 4, மாட்ரிட் 3. இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி. மைதானம் அடங்கிப் போயிருந்தது.

லூகாவிடம் பந்து வந்தது. அவர் இடது பக்கமாக நின்றார். கோல் வெகு தூரத்தில் இருந்தது. வலது பக்கம் முன்னால் ரொட்ரிகோ என்ற இளைஞர் ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் செல்சி ஆட்கள் நிறைய. சாதாரணமாகப் பந்தைக் காலின் உள்பக்கத்தால் அடிப்பார்கள். லூகா வலது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தார். சுண்டுவிரல் இருக்கும் பக்கம். அப்படி அடித்தால் பந்து காற்றில் வளையும். பந்து செல்சி ஆட்களின் தலைக்கு மேலே வளைந்து போய் ரொட்ரிகோவின் காலுக்கு முன்னால் இறங்கியது. அவர் பந்தைத் தரையில் விழவிடாமலே உதைத்தார். கோல்.

கூட்டல் கணக்கில் நான்குக்கு நான்கு. கூடுதல் நேரத்தில் மாட்ரிட் இன்னொரு கோல் போட்டு வென்றது. அந்த ஆண்டு கோப்பையும் மாட்ரிட்டுக்கே வந்தது. கணக்குப் புத்தகத்தில் கோல் ரொட்ரிகோ பெயரில் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியைக் கண்டது லூகாவின் கண். அப்போது அவருக்கு வயது 36. முதல் சில வருடங்களில் ஓடிய வேகம் குறைந்திருந்தது. பார்வை குறையவில்லை.

கூடுதலாக ஓர் ஆட்டம்

கிளப்புக்கு ஆடுவது சம்பளத்துக்கு. நாட்டுக்கு ஆடுவது வேறு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் உலகக் கோப்பை வந்தால் சொந்த நாட்டு அணியில் சேர்ந்துகொள்வார்கள்.

குரோஷியா 1998-இல் முதல் முறையாக உலகக் கோப்பையில் ஆடி மூன்றாம் இடம் பெற்றது. அப்போது லூகாவுக்கு 12 வயது. அந்த 1998 அணியில் இகோர் ஸ்டிமாச் என்றொருவர் இருந்தார். 2019 முதல் 2024 வரை நம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தாரே, அவரேதான்.

2018 உலகக் கோப்பை ரஷ்யாவில் நடந்தது. குரோஷிய அணிக்கு லூகா தலைவர். டென்மார்க்கோடு ஆட்டம் சமமாக முடிந்தது. கூடுதலாக 30 நிமிடம் ஆடினார்கள். அதன் முடிவில் குரோஷியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் காவலரை மட்டும் எதிரே வைத்து அடிக்கும் அடி அது. அடித்தால் வெற்றி. லூகா அடித்தார். கோல் காவலர் பிடித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் மாற்றி மாற்றிப் பெனால்டி அடிக்க வேண்டி வந்தது. சில நிமிடத்துக்கு முன்பு தவறவிட்டவர் மறுபடியும் வருவாரா? லூகா வந்தார். இந்த முறை கோல். குரோஷியா வென்றது.

அடுத்து ரஷ்யா. மறுபடியும் 30 நிமிடம் கூடுதல், மறுபடியும் பெனால்டி. அதற்கடுத்து இங்கிலாந்து. மறுபடியும் 30 நிமிடம் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று முப்பது தொண்ணூறு. மற்றவர்களை விட ஒரு முழு ஆட்டம் அதிகமாக ஆடிவிட்டு குரோஷியா இறுதிப் போட்டிக்குப் போனது. ஜூலை 15 அன்று மாஸ்கோவில் பிரான்ஸ் 4-2 என்று வென்றது. தோற்ற அணியின் தலைவரான லூகாவுக்குப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு கிடைத்தது. கொட்டும் மழையில் நின்று வாங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதும் அவருக்கே வந்தது. அதற்கு முன் பத்து ஆண்டுகளாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டுமே அதை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கோல்களைக் குவிப்பவர்கள். நடுவில் நின்று பந்தை அனுப்புகிற ஒருவருக்கு அது கிடைத்தது பெரிய சேதி.

"எனக்கு நினைவில்லை"

இனி அந்த வழக்குக்கு வருவோம். 2018-இல் லூகாவைக் குரோஷியாவில் எல்லாரும் கொண்டாடவில்லை. உலகக் கோப்பைக்கு முன்பு பலர் அவர் மீது கோபமாக இருந்தார்கள்.

டாட்டன்ஹாம் கொடுத்த விலையில் பாதி லூகாவுக்கு என்று ஒரு துணை ஒப்பந்தம் இருந்தது. இளம் ஆட்டக்காரர்கள் பலரோடு டினாமோ இப்படி ஒப்பந்தம் போட்டிருந்தது. லூகா தன் பங்கில் பெரும் பகுதியை டினாமோவின் பெரிய நிர்வாகி குடும்பத்துக்குக் கொடுத்தார் என்று வழக்கில் சொல்லப்பட்டது. கிளப்பின் பணம் இப்படி ஆட்டக்காரர் கை வழியாகச் சுற்றி நிர்வாகியின் வீட்டுக்குப் போனது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. வழக்கு ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. அந்தத் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்து எப்போது போடப்பட்டது? லண்டனுக்குப் போகும் முன்பா? போன பிறகு பழைய தேதி போட்டா?

லூகா முதலில் விசாரணை அதிகாரிகளிடம் ஒன்று சொன்னார். 2017-இல் நீதிமன்றத்தில் வேறு விதமாகச் சொன்னார். பல கேள்விகளுக்கு நினைவில்லை என்றார். மக்கள் கொதித்தார்கள். அவர் சிறுவனாக அகதியாய்த் தங்கியிருந்த ஓட்டல் சுவரிலேயே யாரோ எழுதி வைத்தார்கள். லூகா, இதை நீ ஒரு நாள் நினைத்துப் பார்ப்பாய் என்பது அதன் பொருள். பொய்ச் சாட்சி சொன்னதாக அவர் மீது 2018 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் அது கைவிடப்பட்டது. நிர்வாகிக்கு 2018 ஜூன் மாதம் ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் தீர்ப்புக்கு முன்பே போஸ்னியாவுக்குப் போய்விட்டார். 2021-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

20 வயதில் ஊரை விட்டுப் போகத் துடிக்கும் இளைஞன் முன்னால் பெரிய மனிதர் ஒரு தாளை நீட்டினால், அவன் என்ன செய்வான்? அதே சமயம், நீதிமன்றத்தில் நின்றபோது லூகா பெரிய ஆள். அவருக்கு 31 வயது. உலகப் புகழ் இருந்தது. அந்த "நினைவில்லை" பலருக்கு இன்றும் கசப்பாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்தால்?

லூகா மாட்ரிட்டில் 13 பருவங்கள் ஆடினார். 28 கோப்பைகள். அந்த கிளப்பில் அவரை விட அதிகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர் அதுவரை இல்லை. இடையில் 2022 உலகக் கோப்பையில் குரோஷியா மீண்டும் மூன்றாம் இடம் பெற்றது. 2025 கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இத்தாலியின் மிலான் நகரத்துக்குப் போனார். ஏ.சி. மிலான் என்ற கிளப். இந்த முறை மாட்ரிட்டுக்கு விலை எதுவும் தர வேண்டியிருக்கவில்லை.

ஏன்? இதற்குப் பின்னால் இன்னொரு நடுக்கள ஆட்டக்காரர் இருக்கிறார். பெல்ஜியம் நாட்டின் ழான் மார்க் போஸ்மன். பழைய காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கிளப் பிடித்து வைக்கலாம். வேறு கிளப் பணம் கொடுத்தால்தான் விடும். 1990-இல் போஸ்மனின் ஒப்பந்தம் முடிந்தது. பிரான்ஸ் நாட்டு கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. பணத் தகராறில் பழைய கிளப் விடவில்லை. அங்கேயே இரு, சம்பளம் கால்வாசிதான் என்றது. போஸ்மன் நீதிமன்றம் போனார்.

வழக்கு ஐந்து ஆண்டு நடந்தது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலை இல்லாமல் போகலாம் என்றது. மற்ற தொழிலாளிகளுக்கு உள்ள உரிமை பந்தாட்டக்காரருக்கும் உண்டு என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பால் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் பயன் பெற்றார்கள். போஸ்மனுக்குப் பயன் கிடைக்கவில்லை. வழக்கு முடிவதற்குள் அவருடைய ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. பின்னாளில் வறுமையிலும் குடியிலும் தவித்தார். அவர் திறந்த கதவு வழியாகத்தான் லூகா மிலானுக்குப் போனார்.

மிலான் லூகாவுக்குப் புதிய பெயர் அல்ல. அவர் சிறுவனாக இருந்தபோது போபன் என்ற குரோஷிய நடுக்கள ஆட்டக்காரர் மிலானில் ஆடினார். அதனால் அகதி ஓட்டலில் இருந்த பையனுக்குப் பிடித்த வெளிநாட்டு கிளப் அது.

மிலானுக்காக அவர் ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் அணி தோற்றது. செப்டம்பர் 9 அன்று அவருக்கு 40 வயது நிறைந்தது. ஐந்து நாள் கழித்து பொலோனியா என்ற கிளப்போடு ஆட்டம். இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் லூகா பந்தைத் தாழ்வாக அடித்தார். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது.